கூடை உப்பும் சட்டித் தண்ணீரும்

மகனுக்கு,

நாளைக் காலை நீ பஸ் ஏறும்போது இதை உன் சட்டைப்பையில் வைப்பேன். வண்டி கிளம்பிய பிறகு படி. பள்ளிக்கூட வாசலிலிருந்து குப்பம்மாள் பெரியம்மாவின் ஊர் முனைக்குக் குறுக்குப் பாதையில் நடந்தால் அரை மணி நேரம். பஸ் மலையைச் சுற்றிக்கொண்டு போவதால் அதற்கும் அதே அரை மணி நேரம்தான். அதற்குள் நீ இதைப் படித்து முடித்துவிடலாம். அங்கே டிரைவர் இறங்கி டீ குடிப்பார். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

இதன் இன்னொரு படியை நம் பள்ளி ஆண்டு மலருக்குக் கொடுத்திருக்கிறேன். உன் அப்பாவிடம் முதலில் படித்துக் காட்டிவிட்டேன். வீட்டு விஷயத்தை வெளியே பேசும் பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை என்பது உனக்குத் தெரியும். படித்த புத்தகத்தைப் பற்றிக்கூட நான் யாரிடமும் பேசியதில்லை. நீ கேட்டால்தான் சொல்வேன். ஆனால் இதே மலரில்தான் பதினாறு ஆண்டுகளுக்கு முன் என்னைப் பற்றி ஒரு பக்கம் வந்தது. அதில் இருந்தது உண்மை இல்லை. அச்சில் வந்ததை அச்சிலேயே திருத்துவதுதான் முறை என்று தோன்றியது.

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தொடங்குகிறேன். நீ தரையில் உட்கார்ந்து பெட்டிக்குப் பூட்டு தேடிக்கொண்டிருந்தாய். குப்பம்மாள் வந்தாள். மடியிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து உன் முன்னால் வைத்தாள். "கூடை உப்பு நைனா. ரெண்டு மழை பாத்த உப்பு. ஆஸ்டல்ல சோறு எப்டி இருக்குமோ, ஒரு கல்லு போட்டுக்க" என்றாள். நீ சிரித்தாய். கெட்ட எண்ணத்தில் இல்லை. வேலூர்க் கல்லூரிக்குப் போகிறவனின் சிரிப்பு அது. "உப்பு எங்க வாங்குனா இன்னா பெரிம்மா? எல்லாம் சோடியம் குளோரைடுதான். அங்கயே கடையில வெள்ளையா பொடி பண்ணி விக்கிறான். இதத் தூக்கிக்கினு போனா பசங்க சிரிப்பாங்க" என்றாய். அவள் உன்னைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "அதுவும் சரிதான் நைனா" என்று முடிச்சை எடுத்து மறுபடி மடியில் செருகிக்கொண்டாள். அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. குடிக்காமல் போனாள்.

நீ சொன்ன அந்த வாக்கியம் உன்னுடையது இல்லை. என்னுடையது. வகுப்பறை ஜன்னலுக்கு உள்ளே நின்று, இதே குப்பம்மாளிடம், ஏறக்குறைய அதே சொற்களில் நான் சொன்னதுதான். அப்போது நீ அவள் இடுப்பில் இருந்தாய்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. உனக்கு ஒன்றரை. உன் அப்பாவுக்குக் கணியம்பாடியில் வேலை. சனிக்கிழமை மலை ஏறி வந்து திங்கட்கிழமை இறங்குவார். நான் இந்த உண்டு உறைவிடப் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியையாக வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. எனக்கு முன்னால் வந்த ஆசிரியைகள் யாரும் இங்கே ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை என்று தலைமை ஆசிரியர் முதல் நாளே சொல்லிவிட்டார். நான் இருந்ததற்குக் காரணம் குப்பம்மாள். விடுதியில் சமையல் அவள்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். நான் வகுப்புக்குப் போகும் நேரமெல்லாம் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே நூறு பிள்ளைகளுக்குச் சாமைச் சோறு வடிப்பாள். அவள் மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. ஆள் போதாததால் அந்த வகுப்பையும் நான்தான் பார்த்துக்கொண்டேன்.

நம் வீட்டில் உப்புக் கூடையைக் கட்டித் தொங்கவிட்டதும் அவள்தான். நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்த்து வளர்ந்ததால் உனக்கு அது ஒரு பொருட்டாகவே தெரிந்திருக்காது. கீழே இருந்து வந்த எனக்கு வேடிக்கையாக இருந்தது. மழை தொடங்குமுன் மலைக்காரர்கள் புளியைச் சுமந்து சந்தவாசலுக்கு இறங்கி, கல்லுப்பைச் சுமந்து ஏறி வருவார்கள். அதை மூங்கில் கூடையில் கொட்டி அடுப்புக்குச் சற்றுத் தள்ளி உத்தரத்தில் கட்டுவார்கள். கீழே ஒரு மண்சட்டி. மழைக்காலம் முழுக்கக் கூடையிலிருந்து சட்டிக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்கும். சில வேளை காற்றில் கூடை ஆடி ஒரு சொட்டு நெருப்பில் விழும். அப்போது தழல் ஒரு நொடி பளீரென்று மஞ்சளாகும். சோடியத்தின் நிறம் அது. ஒரு நாள் காலை அதைப் பார்த்துவிட்டுத்தான் எட்டாம் வகுப்புக்கு உப்புப் பாடத்தை அன்றைக்கே எடுப்பது என்று முடிவு செய்தேன்.

அந்த வகுப்பைப் போல் நல்ல வகுப்பை நான் அதற்குப் பிறகும் எடுத்ததில்லை. அதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் வந்தது எதுவும் அந்த நாளின் மகிழ்ச்சியைப் பொய்யாக்கிவிடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன். என் கல்லூரிப் பேராசிரியர் ஒரு சிறு சீசாவில் மண்ணெண்ணெய்க்குள் போட்டுக் கொடுத்த சோடியம் என்னிடம் இருந்தது. அதைக் கத்தியால் வெண்ணெயைப் போல நறுக்கிக் காட்டினேன். வெட்டிய முகம் வெள்ளியாக மின்னி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கியது. மிளகளவு ஒரு துண்டைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். அது உருண்டு திரண்டு, சீறிக்கொண்டு வண்டு போல ஓடி, மஞ்சளாகப் பற்றி, பட்டென்று வெடித்தது. முன்வரிசை மொத்தமும் பின்வரிசை மடியில் போய் விழுந்தது. பிறகு குளோரினைச் சொன்னேன். கிணற்றுக்கு வெள்ளைத் தூள் போடும்போது மூக்கில் ஏறித் தொண்டையைப் பிடிக்கிறதே, அந்த நாற்றத்துக்குக் காரணமான வாயு. நிறையச் சுவாசித்தால் ஆளைக் கொல்லும். ஒன்று தண்ணீரில் எரியும் உலோகம், மற்றது நஞ்சு. சோடியம் அணுவின் வெளிச்சுற்றில் ஒரே ஒரு எலக்ட்ரான் தனியாக இருக்கிறது; குளோரின் அணுவுக்குச் சரியாக ஒன்று குறைகிறது. முதலாவது கொடுக்க, இரண்டாவது வாங்க, இரண்டும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ள, நீங்கள் காலையில் கூழில் போட்டுக் குடித்தீர்களே அதுதான் இது என்று உள்ளங்கையில் ஒரு கல்லை எடுத்து நீட்டினேன். ஒரு பையன் வாயைத் துடைத்துக்கொண்டான்.

ஜன்னலுக்கு வெளியே உன்னை வைத்துக்கொண்டு நின்ற குப்பம்மாள் கை தூக்கினாள். பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"டீச்சர், எனக்கும் ஒரு சந்தேகம்."

"கேளு குப்பம்மா."

"கூடையில நிக்கிற உப்பும் சட்டியில சொட்டுற தண்ணியும் ஒண்ணா, வேற வேறயா?"

"ரெண்டும் உப்புதான். ஒண்ணு கெட்டி, ஒண்ணு கரைஞ்சது. உப்புன்னா சோடியமும் குளோரினும். வேற ஒண்ணும் கிடையாது."

"நாக்குல வெச்சா வேற மாதிரி கீதே?"

"நாக்கு பொய் சொல்லும் குப்பம்மா. அணு பொய் சொல்லாது."

வகுப்பே கைதட்டியது. "அப்டீங்களா!" என்று அவளும் சிரித்து, உன்னை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போனாள். நான் அந்தப் பதிலை எண்ணி அன்று முழுதும் மகிழ்ந்தேன். அவள் கேட்டது எவ்வளவு நல்ல கேள்வி என்று எனக்கு அப்போது தெரியவில்லை. கேள்வி ஜன்னலுக்கு வெளியே இருந்து வந்ததால் அதைக் கேள்வியாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை. நாளை நீ பரிசோதனைக் கூடத்தில் நிற்கும்போது கண்ணாடிக் குழாய் கழுவுகிறவர் ஏதாவது கேட்டால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிட்டுக் கேள்.

அடுத்தது ஐப்பசி. ஐந்து நாள் விடாத மழை. பாதையில் மண் சரிந்து பஸ் வரவில்லை. அப்பா கீழே. அன்று காலை உனக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. பத்து மணிக்குள் ஏழெட்டுத் தடவை போய்விட்டது. நண்பகலில் உன் கண்கள் உள்ளே போயிருந்தன. நீ அழுதாய், கண்ணில் தண்ணீர் வரவில்லை. அதன் பொருள் எனக்குத் தெரியும். முந்தின மாதம்தான் சுகாதார நர்ஸ் ஒருவர் பள்ளிக்கு வந்து எங்களையெல்லாம் உட்கார வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒரு செம்பு கொதித்து ஆறிய தண்ணீர், ஒரு கை சர்க்கரை, மூன்று விரலால் எடுக்கிற அளவு தூள் உப்பு. கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குறித்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நான் குறித்து வைத்துக்கொள்ளவில்லை. இதில் குறிக்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

தூள் உப்பு வீட்டில் இல்லை. டப்பாவில் இருந்த கல்லுப்பு ஈரத்தில் சேறாகிக் கிடந்தது. கூடை உத்தரத்தில், என் கைக்கு எட்டாத உயரத்தில். சட்டி கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. அப்போது நான் என்ன நினைத்தேன் என்பதை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். விரலால் எடுப்பதெல்லாம் ஒரு அளவா, கரைசலாக இருந்தால் கரண்டிக் கணக்கில் துல்லியமாக எடுக்கலாமே என்று நினைத்தேன். ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். நீ பாயில் சுருண்டு கிடக்கும்போது நான் பென்சிலால் கணக்குப் போட்டு, விடை சரியாக வந்ததில் ஒரு கணம் சந்தோஷம்கூடப் பட்டேன். சட்டித் தண்ணீரைக் கரண்டியால் அளந்து செம்பில் ஊற்றிச் சர்க்கரை போட்டுக் கலக்கினேன். வாயில் வைத்துப் பார்க்கவில்லை. நாக்கு பொய் சொல்லும் என்று சொன்னவள் அல்லவா.

நீ குடிக்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பினாய். தாடையைப் பிடித்துச் சங்கால் புகட்டினேன். அரை டம்ளர் உள்ளே போயிருக்கும். கொஞ்ச நேரத்தில் முன்பைவிட மோசமாகப் போனது. நிறையப் போகிறதே, நிறையக் கொடுக்க வேண்டும் என்று மேலும் புகட்டினேன். உன் கை என் மணிக்கட்டைத் தள்ளியது. பிறகு தள்ளுவதையும் விட்டுவிட்டது.

குப்பம்மாள் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு, தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மழையில் ஓடிவந்தாள். உன்னைப் பார்த்தாள். சங்கைப் பார்த்தாள். விரலை உள்ளே விட்டு நாக்கில் வைத்தாள்.

"இன்னா டீச்சர் இது? கசக்குது."

"உப்பும் சர்க்கரையும்தான் குப்பம்மா. நர்ஸம்மா சொன்னாங்களே."

"எந்த உப்பு?"

நான் சட்டியைக் காட்டினேன்.

அவள் செம்பை எடுத்து அப்படியே ஜன்னல் வழியாக மழைக்குள் வீசினாள். "அய்யோ டீச்சர். வயிறு கட்டிக்கின மாட்டுக்குத்தான் அத ஊத்துவோம். பேதியாவறதுக்கு."

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறிக் கூடையிலிருந்து உப்பை எடுத்தாள். இரண்டு மாதம் சொட்டித் தீர்ந்த உப்பு. அந்த மழையிலும் கலகலவென்று உலர்ந்திருந்தது. அதை நசுக்கித் தூளாக்கினாள். சாமை மாவை நிறையத் தண்ணீரில் கொதிக்க வைத்து, துணியில் வடிகட்டி, நீர்க்கக் கஞ்சியாக்கி ஆற்றினாள். உப்புப் போட்டாள். பிறகு ஒரு காரியம் செய்தாள். என் பக்கம் திரும்பி, என் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்ததை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டாள். அடுத்து கஞ்சியைத் தொட்டு வைத்துப் பார்த்தாள். "சரியா கீது" என்றாள். நர்ஸ் சொன்னபோது அவள் எங்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் எல்லோரையும்விடக் கவனமாகக் கேட்டவள் அவள்தான்.

மடியில் உன்னைப் போட்டுக்கொண்டு சங்கால் ஒரு சொட்டு, இடைவெளி விட்டு இன்னொரு சொட்டு என்று ஆரம்பித்தாள். நீ துப்பினாய். "ஏன்டா நைனா, படிச்சவ கலக்கிக் குடுத்தா எம்மாங் கசப்பா இருந்தாலும் குடிக்கிற. நான் குடுத்தா துப்புறியா? குடிறா" என்று திட்டினாள். நான் அருகில் போனேன். "நீங்க போய் அடுப்பப் பாருங்க டீச்சர், தண்ணி கொதிக்கணும்" என்று என்னை விரட்டினாள். எனக்கு ஒரு வேலை கொடுத்தாள் என்பது பிறகுதான் புரிந்தது. மூன்று மணி ஆயிற்று, நான்கு ஆயிற்று. மழை நிற்கவில்லை. அவள் கை நிற்கவில்லை. விடுதிக்கு மாலைக் கஞ்சி வைக்கப் பெரிய பெண்கள் இரண்டு பேரை அனுப்பிவிட்டு அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

விளக்கு ஏற்றும் நேரத்தில் ஒரு கூச்சல் கேட்டது. நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். "டீச்சர்! பேஞ்சிட்டான்! எம்மேல பேஞ்சிட்டான்!" என்று மடி நனைந்து உட்கார்ந்திருந்தாள் குப்பம்மாள். காலையிலிருந்து ஒரு சொட்டு சிறுநீர் இறங்காத பிள்ளை. அவள் சிரித்த சிரிப்பில் நீ பயந்து அழுதாய். உன் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. நாங்கள் இருவரும் அதைக் குனிந்து பார்த்தோம். உலகத்தில் வேறு எதையும் நான் அவ்வளவு நன்றியோடு பார்த்ததில்லை.

இதுவரை சொன்னது என் அறியாமை. இனிமேல் சொல்லப்போவதுதான் என் தவறு.

பாதை சரியானதும் நர்ஸ் வந்தார். குழந்தை பிழைத்த விஷயத்தைத் தலைமை ஆசிரியரே அவரிடம் சொன்னார்: "நம்ம டீச்சர் சயன்ஸ் படிச்சவங்க. நீங்க சொன்னபடி உப்புக் கரைசல் கலந்து குடுத்துப் புள்ளையக் காப்பாத்திட்டாங்க." அவர் தெரிந்து பொய் சொல்லவில்லை, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார். நர்ஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குப்பம்மாள் டம்ளர்களோடு நின்றிருந்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் டீ ஊற்றினாள். அவ்வளவுதான். அந்த ஆண்டு மலரில் என்னைப் பற்றி ஒரு பக்கம் வந்தது. அப்பா அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கணியம்பாடி முழுக்கக் காட்டினார். முதல் வாரம் வெட்கத்தால் சொல்லவில்லை. பிறகு, சொன்னால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே என்று சொல்லவில்லை. ஒரு வருடத்தில் அது நம் வீட்டுக் கதை ஆகிவிட்டது. நீ அதைக் கேட்டுக்கொண்டே சோறு தின்றாய். ஆறாம் வகுப்பில் 'என்னைக் காப்பாற்றிய அறிவியல்' என்று கட்டுரை எழுதிப் பரிசு வாங்கினாய். வேதியியல்தான் படிப்பேன் என்று பிடிவாதம் பிடித்தாய். உன் ஆசை இந்தப் பொய்யிலிருந்து முளைத்தது என்பது இந்த ஒரு மாதமாக என்னை உறங்க விடவில்லை.

சட்டியில் இருந்தது என்ன என்பதை நான் மூன்று ஆண்டுகள் கழித்துத் தெரிந்துகொண்டேன். கோடை விடுமுறைப் பயிற்சிக்கு வேலூர் போயிருந்தபோது நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். கடல்நீரைக் காய்ச்சி எடுக்கும் உப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை. மெக்னீசியம் என்ற இன்னொரு உலோகத்தின் உப்பும் கொஞ்சம் கலந்திருக்கும். அது கசக்கும். காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித் தானே கரைந்து வடியும். வயிற்றுக்குள் போனால் பேதியாக்கும். அது வடிந்துபோன பிறகு மிஞ்சுகிற உப்பு அவ்வளவு எளிதில் ஈரம் வாங்காது. நான்கைந்து வரிதான். குப்பம்மாள் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்ட கேள்விக்கான விடை மொத்தமும் அதில் இருந்தது. வேற வேற. அவள் நாக்கு பொய் சொல்லவில்லை. அணுவும் பொய் சொல்லவில்லை. அந்தச் சட்டிக்குள் எந்த அணு இருக்கிறது என்று பார்க்காமலே பெயர் சொன்னவள் நான். புத்தகத்தை மூடி வைத்தேன். மலைக்குத் திரும்பி வந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

ஆகவே வேதியியலை விட்டுவிடாதே. என்னைக் கைவிட்டது அது இல்லை. நான் தெரிந்துகொண்ட பாதியை முழுதென்று நினைத்தேன், அவ்வளவுதான். உனக்குப் பிடித்த பாடம் எந்தக் காரணத்தால் பிடித்துப்போனாலும் இப்போது அது உன்னுடையது. ஒன்று மட்டும் கேட்கிறேன். யாராவது உன்னைப் புகழும்போது அந்த அறையில் டம்ளரோடு யார் நிற்கிறார்கள் என்று ஒரு தடவை நிமிர்ந்து பார்.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதைக் கேட்ட பிறகு எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் பள்ளி விட்டதும் குறுக்குப் பாதையில் நடந்து அவள் வீட்டுக்குப் போனேன். முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். "அக்கா" என்றேன். பதினாறு வருடத்தில் முதல் தடவை. முறம் நின்றது.

"இன்னா டீச்சர், ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வேலூர்ப் புத்தகத்தில் படித்ததையும் சொன்னேன். மெக்னீசியம் என்ற பெயரை அவள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். "பேர் நல்லாத்தான் கீது. கசப்புதான் ஜாஸ்தி" என்றாள்.

"நீங்க ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்லல அக்கா?"

"இன்னான்னு சொல்லச் சொல்றீங்க? பெத்த புள்ளைக்கு மாட்டு மருந்து ஊத்துன டீச்சரம்மான்னா? சொல்லியிருந்தா நீங்க மறுவாரமே மூட்டையக் கட்டியிருப்பீங்க. வந்த டீச்சருங்க எல்லாம் அப்டித்தான ஓடினாங்க. அப்பத்தான் எம்பொண்ணு ஆனா ஆவன்னா எழுத ஆரம்பிச்சிருந்தா. நீங்க போய்ட்டா அவளுக்கு யாரு சொல்லித் தர்றது?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "சும்மா ஒண்ணும் வாய மூடிக்கினு இருக்கல டீச்சர். நான் கணக்காத்தான் இருந்தேன்" என்று சிரித்தாள். அந்த மகள்தான் இன்று சந்தவாசலில் பால்வாடி ஆசிரியையாக இருக்கிறாள். நான் மலையில் தங்கியது என் தியாகம் என்று பலர் மேடையில் சொல்லியிருக்கிறார்கள். குப்பம்மாள் என்னைத் தங்க வைத்தாள். எனக்கு அமைந்த வேலை, இந்த வீடு, மழை பெய்யும் மாலைகளில் நான் படித்த புத்தகங்கள், உன் அப்பா சனிக்கிழமைகளில் தோளில் பையோடு ஏறி வரும் காட்சி, பதினெட்டு வயதில் என்னைவிட உயரமாக நிற்கும் நீ, எல்லாம் அந்த மௌனத்தில் எனக்குக் கிடைத்தவை. இத்தனையையும் வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறேன்.

"இத எழுதப்போறேன் அக்கா. மலர்ல. உங்க பேரோட."

"எழுதிக்கோங்க. அவன் எம்மேல பேஞ்சதையும் எழுதுங்க. அத உட்டுட்டா கத நல்லா இருக்காது."

கிளம்பும்போது அந்த உப்பு முடிச்சைக் கேட்டேன். உறியில்தான் இருந்தது, நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. அவள் தலையை ஆட்டினாள். "அது உங்களுக்குக் கொண்டாந்தது இல்ல டீச்சர். அவன் வந்து கேக்கட்டும். கேட்டா குடுப்பேன். கேக்கலன்னா எங்கூட்டுக் கூழுக்கு ஆவும்."

பஸ் இந்நேரம் கடைசி வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும். அவள் வீடு ஊர் முனையிலிருந்து தெரியும். வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருப்பாள். எதற்கு வந்தாய் என்று கேட்பாள், தெரியாதவள் போலக் கேட்பாள். மன்னிப்பு, நன்றி என்றெல்லாம் பெரிதாகப் பேசாதே, அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். உப்பு வேண்டும் என்று கேள், போதும்.

உன் டிபன் கேரியரில் கீழடுக்கில் புளிச்சோறு, நடு அடுக்கில் உருளைக்கிழங்கு. மேலடுக்கு காலியாக இருக்கும். அம்மா மறந்துவிட்டாள் என்று நினைக்காதே. நன்றாகக் கழுவி, ஈரம் போகத் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன்.

அம்மா